ஆயருக்குப் பத்து வாரம் ஓய்வு: சின்ன மலைச் சபைக்கு ஓர் ஏற்பாட்டுக் குறிப்பு

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கத்துச் சேகரம் ஒன்றை, அதாவது ஒரே ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின் தொகுதி ஒன்றை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்ச்சபை ஒன்று, எஸ்டேட் ஓரமாகக் கிளைச்சபை இரண்டு, எல்லாம் சேர்த்து 60 குடும்பம். ஆயர் ஒருவர்தான். ஞாயிறு காலை ஏழரைக்கு முதல் கிளைச்சபையில் ஆராதனை, ஒன்பதரைக்குத் தாய்ச்சபை, பதினொன்றே முக்காலுக்கு இரண்டாவது கிளைச்சபை. நடுவில் பனிமூட்டத்துக்குள் பைக் ஓட்டம். கோயில் சாவி அவர் பையில் இருக்கும். ஆம்ப்ளிஃபையரைப் போடுவது அவர். ஈரத்தில் கீபோர்டின் ஒரு கட்டை அழுந்தி எழாமல் நின்றால் விரல் நகத்தால் நெம்பி எடுத்துவிடுவதும் அவர். பாட்டு எண்ணைப் பலகையில் மாட்டுவது, கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பது, காணிக்கையை எண்ணும்போது பக்கத்தில் நிற்பது, இரண்டாவது சபைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் வாசலில் ஒரு பாட்டியின் முழங்கால் வலியைக் கேட்டு ஜெபிப்பது எல்லாம் அவர்தான்.

இப்படி ஆறு வருஷம் ஓடினவரிடம் புதிதாக ஒரு வார்த்தை வராது. பிரசங்கம் தேய்ந்துபோகும். வீடு சந்திப்பு கடமையாகிவிடும். அது அவருடைய விசுவாசக் குறைவு இல்லை. பக்தி குறைந்ததென்று பேசுகிறவர்கள் எலியாவின் கதையைத் திரும்பப் படிக்கலாம். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்தவனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல. தூக்கமும் அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கமும்.

ஓய்வு விடுப்பை ஆயருடைய தனிப்பட்ட சலுகையாகப் பார்ப்பதுதான் நாம் செய்கிற முதல் தப்பு. அவருடைய களைப்பு தீர்வது பாதிப் பலன்தான். மறு பாதி, அவர் பையில் இருக்கிற சாவிகள் சபையாரின் கைக்கு வருவது. இந்த இரண்டாவது பாதிக்குத் திட்டம் போடாத விடுப்பு வெறும் லீவாகப் போய்விடும். திரும்பி வந்த மூன்றாம் வாரமே அவர் பழைய ஓட்டத்தில் இருப்பார்.

லேவியராகமம் 25-ல் நிலத்துக்கே ஏழாம் வருஷம் ஓய்வு சொல்லியிருக்கிறது. அமெரிக்கச் சபைகளில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சுமார் மூன்று மாதம் விடுவது பலரும் அறிந்த வழக்கம். நமக்கும் இது அந்நியச் சரக்கு இல்லை. கொடைக்கானல் ஊரே மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனெரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் ஒதுங்கி இளைப்பாற 1845-ல் கட்டின இரண்டு பங்களாக்களிலிருந்து வளர்ந்ததுதான். சமவெளியில் ஊழியம் செய்தவர்கள் ஓய்வுக்கு மலையேறினார்கள். மலையிலேயே ஊழியம் செய்கிறவர் எங்கே போவார் என்று நம் சேகரக் குழுக்களில் யாரும் கேட்பதில்லை.

எப்போது விடுவது என்பதிலிருந்து தொடங்கலாம். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். மாற்றலுக்கு ஒரு வருஷமே இருக்கும்போது விடுப்பு வேண்டாம். சபை கற்றுக்கொண்டதைக் கூட இருந்து உறுதிப்படுத்த ஆள் இருக்கமாட்டார். புதிதாக வந்த முதல் இரண்டு வருஷமும் வேண்டாம். சேகரக் குழுத் தேர்தல் வருகிற வருஷத்தில் தொடவே கூடாது. ஆயர் இல்லாத நேரத்தில் தேர்தல் பேச்சு கிளம்பினால் 60 குடும்பம் இரண்டு அணியாகிவிடும். அந்தப் பிளவை ஒட்ட இன்னொரு பத்து வருஷம் ஆகும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு தாண்டிப் புறப்படுவதே மலைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. ஏப்ரல் 4 ஞாயிறு ஆயரே திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற ஆராதனை) நடத்திவிட்டு 5-ஆம் தேதி திங்கள் கிளம்பினால், ஜூன் 13 வரை 10 ஞாயிறு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். மார்ச் 31 வரைக்குமான கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இதில் இரண்டு இடைஞ்சல் உண்டு. ஏப்ரல், மே கல்யாண மாதம். அதோடு சீசன் கூட்டத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிற வண்டிகள் ஊர்ந்துதான் வரும், ஆகவே வெளியிலிருந்து வருகிற பிரசங்கியாரைச் சனிக்கிழமை மாலையே வரச் சொல்லி ஒரு வீட்டில் தங்கவைக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் மழை பலமாகப் பிடிக்கும் என்பதால் அங்கே ஒரு வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை யோசிக்கவே வேண்டாம். மழை, மண்சரிவு, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்.

தேயிலைக்காரர்களுக்குக் கவாத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெட்டுகிறோம். அப்புறம் மூன்று மாதம்போல இலை கிடையாது. அதை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் பென்சில் தடிமன் வேர் ஒன்றை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளுத்தே இருந்தால் அந்தச் செடியை வெட்டினால் பட்டுப்போகும். சபைக்கும் இப்படி ஒரு பரிசோதனை உண்டு. விடுப்புக்கு ஆறு மாதம் முன்னால், அக்டோபர் மழைக்குள் மாட்டாமல், ஆயர் தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஊரில் இல்லாமல் இருந்து பார்க்கட்டும். யாருக்கும் எதையும் முன்கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டாம். கோயில் நேரத்துக்குத் திறந்ததா, கிளைச்சபையில் ஆராதனை நடந்ததா, காணிக்கை அன்றைக்கே இரண்டு பேர் எண்ணிப் பதிவாகியதா, ஆஸ்பத்திரியில் இருந்தவரை யாராவது போய்ப் பார்த்தார்களா? இந்த நாலு கேள்விக்கும் கிடைக்கிற பதில்தான் ஆறு மாத வேலையின் பட்டியல். மூன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தால் விடுப்பை ஒரு வருஷம் தள்ளிவையுங்கள், ரத்து செய்யாதீர்கள்.

அந்த ஆறு மாதத்தில் முதலில் காகித வேலை. பேராயரின் எழுத்து அனுமதி, பொறுப்பு ஆயராகப் பக்கத்துச் சேகரத்து ஆயரின் சம்மதம், சேகரக் குழுத் தீர்மானம் மூன்றும் ஜனவரிக்குள் கையில் இருக்க வேண்டும். வங்கிக் காசோலையில் ஆயரும் பொருளாளரும் கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு என்றால் மாற்றுக் கையெழுத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பம் கொடுங்கள். வங்கியில் இது வாரக்கணக்கில் இழுக்கும். இதை மறந்த சபைதான் மே மாதம், ஆயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரின் சம்பளத்துக்கு ஆயரைத் தேடி ஆள் அனுப்பும்.

கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதைச் சபையில் ஒருவர் செய்துவிடலாம். ஆனால் 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நடத்திவைக்கிற குருவானவர்தான் பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதனால் ஏப்ரல், மே கல்யாணத் தேதிகளைப் பொறுப்பு ஆயரின் நாட்காட்டியைப் பார்த்த பிறகே நிச்சயம் செய்யச் சொல்லுங்கள். திருவிருந்தும் அப்படித்தான், குருப்பட்டம் பெற்றவர் வந்தாக வேண்டும். மே 2, ஜூன் 6 என்று இரண்டு முதல் ஞாயிறுக்கு அவரைப் பிடித்துவைத்தால் போதும். மூன்று சபைக்கும் தனித்தனியாக வேண்டாம். அந்த இரண்டு நாளும் எல்லாரும் தாய்ச்சபையில் ஒன்றுகூடி ஒரே மேசையில் எடுக்கட்டும். கிளைச்சபை ஆட்களுக்கு ஜீப்புக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மற்ற ஞாயிறுகளை நடத்தச் சபைக்கு இரண்டு பேர் வீதம் ஆறு பேரைத் தயார் செய்யுங்கள். மூன்று சனிக்கிழமை போதும். முதல் சனி ஆராதனை முறைமை. சபையார் ஒருவர் நடத்தும்போது பாவமன்னிப்பு வார்த்தையில் ‘உங்களுக்கு’ என்பது ‘நமக்கு’ என்று மாறும். கடைசியில் ஆசீர்வாதத்துக்குப் பதிலாகக் கிருபையின் ஜெபம், ‘நம்மனைவரோடும்’ என்று. இந்த இரண்டு இடத்திலும் தடுமாறுகிறவர்கள் அதிகம், ஆகவே புத்தகத்தில் பென்சிலால் குறித்தே கொடுத்துவிடுங்கள். இரண்டாம் சனி வாசிப்பு. திருச்சபையின் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் தியானப் பொருளும் வேதபாடங்களும் இருக்கின்றன. அதைச் சத்தமாக, மைக் இல்லாமல், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கப் பழக வேண்டும். மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் சனி 12 நிமிஷச் செய்தி: ஒரு வேதபாடம், ஒரு கருத்து, தோட்டத்திலிருந்தோ சமையலறையிலிருந்தோ ஒரு உதாரணம். பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டவிடாதீர்கள். புதியவர் 40 நிமிஷம் பேச ஆரம்பித்தால் அடுத்த வாரம் கூட்டம் குறையும், அவருக்கும் மனது ஒடிந்துவிடும்.

ஆறு பேரில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். இலை பறிக்கிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள்தான் நம் சபைகளில் வேதத்தை விடாமல் வாசிக்கிறவர்கள். ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் மூத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் போடாதீர்கள்.

பணம். 60 குடும்பச் சபைக்கு ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொறுப்பு ஆயர் இரண்டு முறை வர வண்டியும் காணிக்கையும் 7,000 ரூபாய். வெளிப் பிரசங்கியார் நாலு பேருக்கு 7,200. பயிற்சிச் சனிக்கிழமைகளின் சாப்பாடு, டீ 7,500. ஆயர் குடும்பத்தின் பயணம், தங்கலுக்குச் சபையின் பங்கு 25,000. அவருக்கும் ஆயரம்மாவுக்கும் முழு உடல் பரிசோதனை 4,000. கைமீறும் செலவுக்கு 4,300. ஆக 55,000. இரண்டு வருஷம் முன்னாலேயே தொடங்கினால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 40 ரூபாய் போட்டு 57,600 சேர்ந்துவிடும். பச்சை இலை விலை விழுந்த மாதத்தில் அதையும் கொடுக்க முடியாத வீடுகள் உண்டு. அவர்களிடம் கேட்காதீர்கள், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இரண்டு வருஷமும் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் குறை தீரும். கேரட் மூட்டையையும் முட்டைக்கோஸையும் இதற்கென்று சொல்லி ஏலம் விட்டால் நம் ஆட்கள் கூடவே கேட்பார்கள். சம்பளத்தில் மட்டும் கைவைக்கவே கூடாது.

ஆயரம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பாடசாலை, கோயில் பூ, விருந்தினருக்குச் சாப்பாடு, இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு டீ. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஊழியம் இது. ஆயருக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு ஆயரம்மாவை ‘நீங்க இருக்கீங்களே’ என்று மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நிறுத்திவைக்கிற சபைகள் இருக்கின்றன. அது பெரிய அநியாயம். தீர்மானத்திலேயே இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள். அவர் வெளியே வேலை பார்ப்பவர் என்றால் அவருக்குக் கிடைக்கிற லீவு நாட்களை ஒட்டிப் பயணத்தை அமையுங்கள்.

ஆயர்மனையில் இருந்துகொண்டே விடுப்பு எடுக்க முடியாது. ஜன்னலில் விளக்கு தெரிந்தால் யாராவது வருவார்கள். வருகிறவர் மேலும் குற்றம் இல்லை. குறைந்தது ஏழு வாரமாவது மலையை விட்டு இறங்கியாக வேண்டும். முதல் இரண்டு வாரம் சொந்த ஊரில் தூக்கமும் சாப்பாடும்தான், புத்தகம்கூட வேண்டாம். பலருக்கு முதல் வாரம் தலைவலியும் எரிச்சலும் வரும். ஓடிக்கொண்டே இருந்த உடம்பு நிற்கும்போது அப்படித்தான் இருக்கும், ஊழியத்தை விட்டு வந்த குற்ற உணர்வு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த நாலு வாரம் ஒரே ஒரு பொருளைப் படிக்கலாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி நூலகம் நம் ஆயர்களில் பலருக்குப் பழகின இடம். அமைதியாக இருக்க விரும்புகிறவர்கள் 1921-ல் சவரிராயன் யேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய தரங்கம்பாடிக் கடற்கரையில் குடும்பத்தோடு இரண்டு நாள் நடப்பதும் நல்லதுதான், மே வெயிலில் காலையிலும் மாலையிலும் மட்டும். ஞாயிறுகளில் தெரியாத ஒரு கோயிலில் பின்வரிசையில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆராதிக்க வேண்டும். பல ஆயர் தம்பதிகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இது வாய்த்திருக்காது. யாராவது அடையாளம் கண்டு ‘ஐயா, இன்னைக்கு ஒரு வார்த்தை பேசுங்க’ என்றால், ‘இல்லைங்கய்யா, மன்னிக்கணும்’ என்று சொல்லப் பழகட்டும்.

போன்தான் விடுப்பைக் கெடுக்கிற முதல் காரணம். சபைக்கென்று ஒரு தனி சிம் ஆறு மாதம் முன்பே வாங்கி, அந்த எண்ணையே எல்லாருக்கும் பழக்கி, விடுப்பு நாளில் அந்தப் போனைச் செயலரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆயரின் சொந்த எண் பொறுப்பு ஆயருக்கும் செயலருக்கும் மட்டும் திறந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் வெளியேற வேண்டும்; மியூட் செய்தால் போதாது, கண் போய்விடும்.

இரண்டாவது காரணம் துக்க வீடு. மலையில் ஒரு சாவு என்றால் முழுச் சபையும் அங்கேதான், ஆயர் வராவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆறாத வருத்தம் என்பது உண்மை. அதனால் இதை முன்கூட்டியே, யாரும் சாகாத நேரத்தில், சபைக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். வீட்டு ஜெபத்தை உபதேசியார் நடத்துவார், அடக்கத்தைப் பொறுப்பு ஆயர் செய்வார், கல்லறைப் பதிவேட்டில் அன்றைக்கே பதியப்படும், ஆயர் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்புவார், திரும்பி வந்ததும் முதலில் போகிற வீடு அதுவாக இருக்கும். மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறவர்களை ஆயர் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருவர் விடாமல் பார்த்து, திருவிருந்து கொடுத்து, ‘நான் பத்து வாரம் இருக்கமாட்டேன்’ என்று அவரே சொல்ல வேண்டும். அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்வதுதான் வலிக்கும்.

சரி, இந்தப் பத்து வாரத்தில் சபை என்ன செய்வது? புது நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். கன்வென்ஷன் வேண்டாம், கட்டட நிதி வேண்டாம். ஒரே ஒரு வேலை: எல்லா வீட்டையும் சபையாரே சந்திப்பது. 12 பேரை ஆறு ஜோடியாக்கினால் ஒரு ஜோடிக்கு 10 வீடு, வாரத்துக்கு ஒரு வீடு. ஜோடியில் ஒருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து, ஒருவர் வாலிபர் சங்கத்திலிருந்து. ஆளுக்கொரு 40 பக்க நோட்டு. அதில் வீட்டில் இருப்பவர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அவர்கள் எண்ணும், உடம்புக்கு முடியாதவர்கள், ஜெபக் குறிப்பு, அவர்களுக்குச் செய்ய விருப்பமான வேலை என்று ஐந்து கட்டம்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் ஆறரைக்குள் கிளம்பிவிட வேண்டும். இலை எடை போட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, அடுப்பு பற்றவைக்கிற நேரம் அது. இருட்டினால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீட்டுப் பாதையில் காட்டெருமையும் கரடியும் நிற்கும். டார்ச்சை நம்பி ஒன்பது மணி வரை உட்காராதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்து, அவர்களைப் பேசவிடுங்கள். ‘ஏன் கோயிலுக்கு வர்றதில்ல?’ என்று கேட்கவே கூடாது. ‘பசங்க எங்க இருக்காங்க, அக்கா?’ என்று கேளுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒருவன், கோவையில் நர்சிங் படிக்கிற பெண் என்று கதை வரும், கதையோடு கண்ணீரும் வரும். சந்தா பாக்கி பற்றி மூச்சு விடாதீர்கள். சந்தா நோட்டு பையில் இருந்தாலே அந்தச் சந்திப்பு கெட்டது. படுகர் மொழியான படுகு பேசுகிற வீட்டில் கடைசி ஜெபத்தை அந்த வீட்டுப் பெரியவர் படுகிலேயே செய்யட்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பின குடும்பம் என்றால் அவர்கள் அங்கே பாடின கீர்த்தனை ஒன்றைப் பாடச் சொல்லுங்கள்.

இந்த நோட்டுகளிலிருந்துதான் சபைக்கு உயிர் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐந்தாவது கட்டத்தை வாசித்துப் பாருங்கள்: எலெக்ட்ரிக் வேலை தெரிந்த பையன், தையல் தெரிந்த அக்கா, ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவரும் இதுவரை கேட்கவில்லை என்பதால் சும்மா இருந்தவர்கள். ஆம்ப்ளிஃபையரும் சாவியும் ஆஸ்பத்திரிச் சந்திப்பும் அவர்கள் கைக்குப் போக வேண்டும், நிரந்தரமாக.

கூட்டம் மூன்றாம் நாலாம் ஞாயிறு குறையும். பயந்து ஆயருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள், சந்திப்புகள் பாதியைத் தாண்டும்போது திரும்பக் கூடும். யாராவது ஒருவர் குட்டி ஆயராக மாறப் பார்ப்பதும் நடக்கும். அதற்குத்தான் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு நடத்தக் கூடாது என்று அட்டவணையிலேயே போட்டுவிடுவது.

திரும்பி வந்த முதல் ஞாயிறு ஆயர் பெஞ்சில் உட்காரட்டும், நடத்துகிறவர்கள் நடத்தட்டும். இரண்டாம் ஞாயிறு பிரசங்கம். இரண்டு வாரத்துக்குக் குழுக் கூட்டம் கிடையாது, புகார் மனு கிடையாது. மூன்றாம் வாரம் ஒரே ஒரு கூட்டம், ஒரே ஒரு தாள், மூன்று பத்தி: இனிமேல் சபையார் செய்வது, ஆயரே செய்ய வேண்டியது, பத்து வாரம் நடக்காமலிருந்தும் எவரும் கேட்காத வேலைகள். மூன்றாவது பத்தியில் வந்ததையெல்லாம் விட்டுவிடுங்கள். முதல் பத்தியில் இருக்கிற ஒன்றை ஆயர் பழக்கத்தில் திரும்ப எடுத்துக்கொண்டால் செயலர் மரியாதையோடு நினைவுபடுத்த வேண்டும். அந்த அதிகாரத்தை ஆயரே கிளம்புவதற்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தாளைப் பெரிய எழுத்தில் எழுதி, ஈரம் படாமல் லேமினேட் செய்து, பதிவேடுகள் வைக்கிற பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மாற்றலாகி வருகிற அடுத்த ஆயர் பீரோவைத் திறக்கிற முதல் நாளே அது கண்ணில் படும். மாதம் 40 ரூபாயையும் நிறுத்தாதீர்கள், அது அவருடைய விடுப்புக்கு.